எங்கள் பையில் சேராத உறை

“2022 ஒக்டோபர் 18, செவ்வாய். காலை பராமரிப்பு இல்லம், பிர்கிட்டுடன். பை பன்னிரண்டு மணிக்கு மூடி முத்திரை வைக்கப்பட்டது. ஓர் உறை அதில் சேரவில்லை. அது எங்களுடையதல்ல. மழை.”

என் நாட்குறிப்பில் அந்த நாளுக்கு இருப்பது இவ்வளவுதான். டென்மார்க்குக்கு வந்த 1986ஆம் ஆண்டிலிருந்து எழுதி வருகிறேன். பெரும்பாலான பக்கங்களில் வானிலையும் வேலையும்தான். ஆனால் இந்தப் பக்கத்தை மறுபடி எடுக்க வேண்டி வந்தது, கடந்த நவம்பர் நகரசபைத் தேர்தலுக்கு முன் தர்சிகா எடுத்த தொலைபேசி அழைப்பால். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை. நான் ஓய்வுபெற்ற அதே குடிமக்கள் சேவைப் பிரிவில் இப்போது வேலை செய்கிறாள். முதல் தடவையாக முதியோர் இல்லமொன்றில் தபால் வாக்குப் பெறப் போயிருந்தாள்.

“அங்கிள், பிஸியோ? இஞ்ச ஒரு ஐயா தன்ர நாட்டு எலெக்ஷன் பேப்பரைக் கொண்டுவந்து சைன் வைக்கச் சொல்லுறார். வைக்கலாமோ?”

எந்த நாடு என்று கேட்டேன்.

“தெரியேல்லை அங்கிள். மேல ஒரு சிங்கம் இருக்கு. எங்கட சிங்கமில்லை, வேற சிங்கம்.”

கழுத்தில் தேர்தல் அலுவலர் அட்டை தொங்குகிறதா என்று கேட்டேன். ஓம் என்றாள். அப்படியானால் வைக்காதே என்றேன். ஏன் என்று கேட்டாள். பிறகு சொல்வதாகச் சொல்லித் தொலைபேசியை வைத்தேன். அந்தப் பிறகுதான் இந்தக் கட்டுரை.

வாக்குப் பெட்டியோடு எனக்கிருந்த முதல் தொடர்பு 1981 ஜூனில், யாழ்ப்பாணத்தில், மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். வாக்களித்தேன். பின்னர் சில பெட்டிகள் காணாமற்போனதாகச் செய்தி வந்தது. என்னுடைய சீட்டு எந்தப் பெட்டியில் இருந்தது என்பது எனக்குத் தெரியாது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் டென்மார்க். முகாம், மொழிப் பள்ளி, எஸ்பியர்க் துறைமுக நகரில் மீன் தொழிற்சாலை, மாலை நேர அலுவலகப் பயிற்சி. குடியுரிமை கிடைத்தபோது பழைய கடவுச்சீட்டை ஒப்படைத்தேன். அன்றைய சட்டம் அப்படி. 1998இல் கொம்யூன் என்ற நகரசபையின் அலுவலகத்தில் இடம் கிடைத்தது. கடவுச்சீட்டு, முகவரி மாற்றம், மருத்துவ அட்டை என்று ஆண்டு முழுவதும் வேலை இருக்கும். தேர்தல் அறிவித்தவுடன் எங்களில் சிலர் பிர்கிட்டின் கைக்குள் போய்விடுவோம்.

பிர்கிட் தேர்தல் பிரிவின் பொறுப்பாளர். உயரமான, அதிகம் பேசாத பெண். மதிய உணவு ஒவ்வொரு நாளும் ஒரே உணவு: கறுப்புப் பாண், அதன் மேல் ஈரல் பேஸ்ட், இரண்டு வெள்ளரித் துண்டு. யாராவது ஒரு சிக்கலைக் கொண்டுபோய்ச் சொன்னால் அவர் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லமாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்பார். சட்டப் புத்தகத்தை எடுத்து அந்தப் பிரிவை அவருக்கு முன்னால் நின்று உரக்க வாசிக்க வேண்டும். வாசித்து முடிக்கும்போது பாதிப் பேருக்கு விடை தெரிந்திருக்கும். மீதிப் பேரை இன்னொரு முறை வாசிக்கச் சொல்வார். புதிதாக வந்தவர்கள் அவரை உணர்ச்சியில்லாதவர் என்பார்கள். நானும் இரண்டொரு வருடம் அப்படித்தான் நினைத்தேன்.

வாக்குச்சாவடி ஆயத்தமாகும் நாளில் அவர் செய்யும் ஒரு காரியத்தை மட்டும் சொல்கிறேன். இங்கே வாக்குச்சீட்டில் பென்சிலால் புள்ளடி இடுவது வழக்கம். வாக்களிக்கும் மறைப்புக்குள் பென்சில் ஒரு கயிற்றில் கட்டப்பட்டிருக்கும். பிர்கிட் ஒவ்வொரு மறைப்புக்குள்ளும் போய், திரையை இழுத்து மூடி, இடது கையால் ஒரு கிழிந்த தாளில் புள்ளடி இட்டுப் பார்ப்பார். பிறகு ஒரு நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டு, உட்கார்ந்தபடி மீண்டும் இடுவார். கயிறு எட்டாவிட்டால் அவிழ்த்து நீளமாக்கச் சொல்வார். இடக்கைக்காரரும் சக்கர நாற்காலியில் வருபவரும் உதவிக்கு ஆளைக் கூப்பிட நேர்ந்தால், அவர்கள் வாக்கை இன்னொருவர் பார்த்துவிடுகிறார் என்பது அவர் கணக்கு. வாக்கு இரகசியம் என்பது அவருக்குக் கயிற்றின் நீளம்.

முதியோர் இல்லங்களுக்கு எப்போதும் இரண்டு பேர் போவோம். ஒருவர் தனியே வாக்குப் பெறக் கூடாது. மடக்குத் திரை, வெற்று வாக்குச்சீட்டுகள், உறைகள், முத்திரையிடும் பை. கதவில் ஒரு தாள் ஒட்டுவோம்: வாக்களிப்பு, பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை. வாக்காளர் திரைக்குப் பின்னால் கட்சிக்குரிய அடையாள எழுத்தையோ வேட்பாளரின் பெயரையோ எழுதி, தானே உறையில் இட்டு ஒட்டவேண்டும். பிறகு எங்கள் கண்முன்னால், உறையோடு போகும் துணைக் கடிதத்தில் கையெழுத்திடவேண்டும். எழுத முடியாதவருக்கு நாங்கள் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் யாருக்கு என்பதை அவரே சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லவேண்டும். மகனோ மனைவியோ சொன்னால் செல்லாது. யாரும் கூப்பிடாமல் உறவினர் அறையில் நிற்கவும் கூடாது.

2011 செப்டெம்பரில் பார்வை போன ஒரு பழைய மீனவர் வந்து அமர்ந்தார். யாருக்கு வாக்கு என்று பிர்கிட் கேட்டார்.

“போன தடவை போட்டதையே போடு” என்றார்.

“போன தடவை என்ன என்று எனக்குத் தெரியாது.”

“நீதானே எழுதினாய்!”

“நான்தான் எழுதினேன். அன்றைக்கே மறந்துவிட்டேன். மறக்காமல் இருந்திருந்தால் நீ என்மேல் கோபப்பட வேண்டும்.”

மீனவர் படகு அதிரும்படி சிரிப்பவரைப் போலச் சிரித்தார். பிறகு ஒரு பெயரைச் சொன்னார். அது என்ன பெயர் என்று என்னிடம் கேட்டால், நானும் மறந்துவிட்டேன் என்றுதான் சொல்வேன்.

இனி 2022. நவம்பர் முதலாம் திகதி இங்கே நாடாளுமன்றத் தேர்தல். அதற்கு அடுத்த வாரம் பசிபிக் கடலிலுள்ள ஒரு தீவுப் பிரதேசத்தில் சட்டசபைத் தேர்தல். தூரத்திலுள்ள ஒரு பெரிய நாட்டின் கொடிக்குக் கீழ் இருந்தாலும் தன் சட்டசபையைத் தானே தேர்ந்தெடுக்கும் சிறிய இடம். அதன் பெயரை எழுதவில்லை. அங்கிருந்து டென்மார்க்கில் வந்து வாழ்ந்தவர்களை ஒரு கை விரல்களில் அடக்கிவிடலாம்; இடத்தைச் சொன்னால் ஆளைச் சொன்னது போல. அந்த அம்மாவை இங்கே எலேனா என்று அழைக்கிறேன்.

எலேனா ஒரு டெனிஷ் கப்பல் இயந்திரவியலாளரைக் கட்டி எஸ்பியர்க்குக்கு வந்தவர். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. நான் வேலை செய்த அதே மீன் தொழிற்சாலையில் எனக்குச் சில வருடங்களுக்கு முன் வேலை செய்திருக்கிறார். நாற்பது வருடத்துக்கு மேல் இங்கே வாழ்ந்தும் டெனிஷ் குடியுரிமை எடுக்கவில்லை. 2015 வரை எடுப்பதென்றால் பழையதை விடவேண்டும். என்னைப் போன்றவர்கள் விட்டோம். அவர் விடாததற்குச் சொன்ன காரணம் நிலம். அவருடைய ஊரில் நிலம் தனியாருக்கு இல்லை, குடும்பத்துக்கு. அதில் யார் வீடு கட்டலாம், யாரைப் புதைக்கலாம் என்று தீர்மானிப்பவர் குடும்பத் தலைவர். எலேனாவுக்கு வேண்டியிருந்தது தன் தாயின் பக்கத்தில் ஓர் இடம். குடும்பத் தலைவர் அவருடைய தம்பி. அந்தத் தம்பிதான் அந்தத் தொகுதியின் சட்டசபை உறுப்பினரும்; மறுபடியும் போட்டியிட்டார்.

இவற்றை நான் அறிந்தது எலேனா இருந்த பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்த மலரிடமிருந்து. மலர் மட்டக்களப்பைச் சேர்ந்தவர், இருபது வருடமாகப் பராமரிப்பு வேலை. அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்குள் எங்கள் வாக்காளர்கள் எல்லோரும் வந்துபோய்விட்டார்கள். இல்லத்தின் பொழுதுபோக்கு அறை எங்களுக்கு வாக்குச்சாவடி. ஒரு பழைய பியானோவும் பின்னல் நூல் கூடைகளும் இருந்தன. மலர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து என்னிடம் தமிழில் பேசினார்.

“அண்ணன், ஒரு சின்ன விசயம். ஓம் எண்டும் சொல்ல வேணாம், இல்லை எண்டும் சொல்ல வேணாம். முதல்ல கேளுங்க.”

எலேனாவுக்குத் தீவிலிருந்து வாக்குச்சீட்டு தபாலில் வந்திருக்கிறது. நடுக்க நோயால் அவரால் பேனா பிடிக்க முடியாது. தம்பியின் மகன் ஜோசப், எஸ்பியர்க்கிலிருந்து கடல் காற்றாலைகளுக்குப் போய்வரும் கப்பலில் சமையல்காரன், அத்தைக்குக் கைபிடித்து உதவ வந்திருக்கிறான். தகப்பன் சொல்லி அனுப்பியிருக்கிறார். இவ்வளவையும் சொல்லிவிட்டு மலர் குரலைத் தாழ்த்தினார்.

“அவக்குத் தம்பிக்குப் போட விருப்பமில்ல. எதிர்த்து நிக்கிற நேர்ஸுக்குத்தான். தாயைக் கடைசி மட்டும் பாத்தது அந்தப் புள்ளதானாம். தம்பிக்காரன் அந்த நேரம் மேடை மேடையாத் திரிஞ்சவனாம்.”

“இதை எனக்குச் சொல்லப்படாது, மலர்.”

“சொல்லிட்டன். இனி என்ன செய்யப் போறீங்க?”

பிர்கிட் என்ன விடயம் என்று கேட்டார். வாக்கு யாருக்கு என்பதை விட்டுவிட்டு மற்றதை மொழிபெயர்த்தேன். சீட்டோடு வந்த அறிவுறுத்தல் தாளை மலர் கொண்டுவந்தார். பிர்கிட் அதை மெதுவாகப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

“என்ன எழுதியிருக்கிறது?”

ஆங்கிலத்தில் இருந்ததை வாசித்தேன். அடையாளமிட முடியாத வாக்காளர் தான் விரும்பும் ஒருவரின் உதவியைப் பெறலாம். உதவியவர் கையெழுத்திட வேண்டும். வாக்காளரின் ஒப்பத்துக்கு வயது வந்த வேறொருவர் சாட்சி. கறுப்பு மை. உறவினர் கூடாது என்று எங்கும் இல்லை. அலுவலர் வேண்டும் என்றும் இல்லை.

“அப்படியானால் இதில் நமக்கு இடமில்லை” என்றார் பிர்கிட். “இது நம்முடைய தேர்தல் அல்ல. நாம் தொடக் கூடாது.”

அதை மலரிடம் சொன்னேன். “தொடக் கூடாது எண்டு கண்டுபிடிக்கவா இவ்வளவும் வாசிச்சீங்க?” என்றார்.

அதற்குள் ஜோசப் அத்தையின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். பருமனான, சாந்தமான முகமுள்ள இளைஞன். எங்கள் இருவருக்கும் கைகொடுத்தான், தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டான். நானும் அந்தத் தொழிற்சாலை ஆள் என்று மலரிடம் கேட்டிருந்த எலேனா என்னைப் பார்த்துத் துறைமுக டெனிஷில், “நீயா? இன்னும் மீன் மணக்கிறாயா?” என்றார். அவர் பிரிவில் வேலை செய்தவர்களுக்குத்தான் மணம் அதிகம் என்றேன். மகிழ்ச்சியோடு தலையாட்டினார். மடியில் கிடந்த அவருடைய கைகள் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தன.

ஜோசப் உறையைப் பிரித்துச் சீட்டை மேசையில் விரித்தான். பேனாவை எடுத்தான். எலேனா சீட்டைப் பார்க்கவில்லை. டெனிஷில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். ஜோசப்புக்கு டெனிஷ் தெரியாது.

“இங்கே தபால் வாக்குகளை எப்படி எண்ணுகிறீர்கள்? தனியாகவா?”

இல்லை என்றேன். எண்ணத் தொடங்குமுன் தபாலில் வந்த சீட்டுகளைப் பெட்டியிலிருந்த மற்றச் சீட்டுகளோடு கலந்துவிடுவோம். ஒரு சாவடிக்கு ஒரேயொரு தபால் வாக்கு வந்திருந்தாலும் அது எது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

“எங்கள் ஊரில் வெளியிலிருந்து வாக்களிக்கிறவள் நான் ஒருத்திதான்” என்றார். “அங்கேயும் கலப்பார்களா?”

தாளை மறுபடி பார்த்தேன். எண்ணுவது பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. தெரியாது என்றேன். அவர் தலையை அசைத்தார். பேனாவோடு காத்திருந்த ஜோசப் அத்தையின் கையை மெல்லத் தன் கைக்குள் எடுத்தான்.

மலர் சொன்னதில் முக்கியமான பகுதியை நான் பிர்கிட்டிடம் சொல்லவில்லை. ஆனால் எலேனாவின் கேள்வியை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, ஜோசப்பிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

“கதவில் என்ன எழுதியிருக்கிறது?”

ஜோசப் எழுந்து போய்ப் பார்த்தான். டெனிஷ் வாசிக்கத் தெரியாது என்றான்.

“இலக்கத்தை வாசி.”

“பத்து. பன்னிரண்டு.”

“பன்னிரண்டு மணி வரை இது வாக்களிக்கும் அறை. வாக்காளர் இருக்கலாம், நாங்கள் இருக்கலாம், வாக்காளர் கேட்கும் உதவியாள் இருக்கலாம். வேறு யாரும் இருக்க முடியாது.”

“ஆனால் இது உங்கள் தேர்தல் இல்லையே, அம்மா.”

“உண்மை. ஆனால் இது எங்கள் அறை.”

ஜோசப் கோபப்படவில்லை. தங்கள் ஊரில் வயதானவரை இப்படியான காரியத்தில் தனியே விட்டுப்போவது மரியாதைக் குறைவு, யாராவது ஒரு பிள்ளை கை பிடித்திருக்க வேண்டும் என்று விளக்கினான். அவன் அதை மனதாரத்தான் சொன்னான் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். தனியே விடமாட்டோம் என்றார் பிர்கிட். பிறகு எலேனாவின் பக்கம் திரும்பி, அவனுக்கும் விளங்கும்படி ஆங்கிலத்திலேயே, “உதவிக்கு உனக்கு யார் வேண்டும்?” என்று கேட்டார்.

எலேனா மருமகனின் முகத்தைப் பார்த்தார். “மலர்” என்றார். “என்னைக் குளிப்பாட்டுவதும் சாப்பாடு ஊட்டுவதும் அவள்தான். என் கை ஆடுகிற விதம் அவளுக்குத்தான் பழக்கம்.”

அதில் யாரும் மனம் நோக இடமிருக்கவில்லை. ஜோசப் சிரித்தான், பேனாவை மலரிடம் கொடுத்துவிட்டு வெளியே போனான். கதவின் கண்ணாடிக்கு அப்பால் அவனுடைய அகன்ற முதுகு தெரிந்தது.

பிர்கிட் மடக்குத் திரையைத் தொடவில்லை. அது கொம்யூனின் சொத்து, எங்கள் தேர்தலுக்கானது. ஆனால் மலர் சக்கர நாற்காலியைத் திரைக்குப் பின்னாலிருந்த மேசைக்குத் தள்ளியபோது அவர் தடுக்கவில்லை. நானும் அவரும் சன்னல் பக்கம் திரும்பி நின்றோம். வெளியே சைக்கிள் கொட்டகையின் தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. பின்னால் எலேனாவின் மெல்லிய குரல் ஒரு தடவை கேட்டது, மலர் அதைத் திருப்பிச் சொல்லாமல் “ம்” என்றது கேட்டது. பிறகு பேனா. பிறகு உறையை நாவால் நனைத்து ஒட்டும் ஓசை. எலேனா மலரிடம் முன்பு என்ன சொல்லியிருந்தார் என்பது எனக்குத் தெரியும். திரைக்குப் பின்னால் எந்த வட்டம் கறுப்பாக்கப்பட்டது என்பது எனக்குத் தெரியாது. மலர் அதை இன்றுவரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சாட்சிக் கையெழுத்து மிஞ்சியிருந்தது. உதவியவரே சாட்சியாக முடியாது. பிர்கிட் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னை.

“உன் அட்டையைக் கழற்று.”

கழற்றிப் பியானோவின் மேல் வைத்தேன். எலேனா மலரின் கையைப் பிடித்தபடி உறையின் மேல் ஒரு கோணல் கோடாகத் தன் ஒப்பத்தை இட்டார். நான் அதன் கீழ் என் பெயரை எழுதினேன், முகவரிக்கு அலுவலகத்தை அல்ல, வீட்டை எழுதினேன். அட்டையை மறுபடி மாட்டிக்கொண்டேன். பிர்கிட் அன்றைய அறிக்கையில் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்: வாக்குப் பெறுநர்களில் ஒருவர் தனிப்பட்ட அலுவலுக்காகச் சிறிது நேரம் அட்டை இல்லாமல் இருந்தார், அவ்வேளை எங்கள் வாக்காளர் எவரும் அறையில் இருக்கவில்லை. தர்சிகாவின் கேள்விக்கு விடை அந்த இரண்டு வரிகள்தான். அலுவலராகக் கையெழுத்து வைத்தால் கொம்யூன் இன்னொரு நாட்டின் தேர்தலுக்குச் சாட்சி சொன்னதாகிவிடும். ஆளாக வைத்தால் ஓர் ஆள் இன்னோர் ஆளுக்கு உதவியது.

பன்னிரண்டு மணிக்குப் பிர்கிட் கதவைத் திறந்து தாளைக் கழற்றினார். பையை மூடி முத்திரை வைத்தோம். எலேனாவின் உறை அவருடைய மடியில் கிடந்தது. மலர் வீட்டுக்குப் போகும் வழியில் அதைத் தபாற்பெட்டியில் போடுவார் என்று நினைத்திருந்தேன். மலரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

ஜோசப் உள்ளே வந்து, குனிந்து அத்தையின் உச்சியில் முத்தமிட்டான். அந்த வெள்ளிக்கிழமை தான் ஊருக்குப் பறப்பதாகச் சொன்னான். தேர்தல் வேலைக்காகத்தான். “தபாலில் போட்டால் நாள் தவறிவிடும். நானே அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்” என்று கையை நீட்டினான்.

அவன் சொன்னது சரி. இங்கிருந்து அந்தத் தீவுக்குக் கடிதம் போய்ச்சேர எத்தனை வாரம் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. வாக்கு உரிய நேரத்தில் சேர இருந்த நல்ல வழி அவன்தான். அந்த வாக்கைப் பார்க்கக் கூடாதவனும் அவன்தான்.

“குடுக்க வேணாம் எண்டு சொல்லுங்க அண்ணன்” என்றார் மலர், உதடு அசையாமல்.

நான் சொல்லவில்லை. உறை வாக்காளருடையது. பிர்கிட்டும் பையின் பிடியைப் பற்றியபடி அப்படியே நின்றார். எலேனா எங்களைப் பார்த்து டெனிஷில், நிதானமாகச் சொன்னார்:

“இவனிடம் கொடுக்க மறுத்தால் யாருக்குப் போட்டேன் என்று நானே சொன்னதாகிவிடும்; பிறகு இதை நான் மூடியதில் பயனில்லை.”

நடுங்கும் கையால் உறையை நீட்டினார். ஜோசப் அதை இரண்டு கைகளாலும் வாங்கி, சட்டையின் உட்பைக்குள் வைத்து, பொத்தானைப் பூட்டினான்.

காரில் பிர்கிட் முத்திரை இலக்கத்தைக் கேட்டார், சொன்னேன். துறைமுகச் சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தபோது, “நம்முடைய தேர்தலில் அந்த உறை பைக்குள் போயிருக்கும்” என்றார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த வருடம் ஓய்வுபெற்றார்.

தீவின் முடிவுகளை இணையத்தில் தேடிப் பார்த்தேன். தம்பி சிறு வித்தியாசத்தில் மறுபடி தெரிவானார். எதிர்த்து நின்ற தாதி தோற்றார். தொகுதிக்கு ஒரே மொத்தத் தொகைதான் வெளியிட்டிருந்தார்கள். தபால் வாக்குகள் தனியாகக் காட்டப்படவில்லை. எண்ணும்போதும் தனியாக எண்ணவில்லை என்று அதிலிருந்து சொல்ல முடியாது. நத்தார் பண்டிகைக்குத் தம்பி தொலைபேசியில் அழைத்ததாகவும், எலேனா வெகுநேரம் சிரித்துச் சிரித்துப் பேசியதாகவும் மலர் சொன்னார்.

எலேனா 2024 பெப்ரவரியில் காலமானார். சாம்பலை ஜோசப் ஊருக்குக் கொண்டுபோனான். சில மாதங்களுக்குப் பின் ஹேர்னிங்கில் ஒரு கலியாண மண்டபத்தில் மலர் தன் தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். ஜோசப் அனுப்பியது. இரண்டு கற்கள், ஒன்று பழையது, ஒன்று புதியது. பக்கத்தில் தலைநரைத்த ஒருவர் குடை பிடித்து நிற்கிறார். தம்பி.

“பாத்தீங்களா அண்ணன், தாய்க்குப் பக்கத்திலதான்” என்றார் மலர். “அப்ப ஒண்டில் அது போய்ச் சேரல்ல. இல்லாட்டி அங்கயும் கலந்துதான் எண்ணியிருக்காங்க.”

“தெரிஞ்சுகொண்டும் இடம் குடுத்திருக்கலாம்.”

“அரசியல்வாதியையா சொல்றீங்க?” என்று மலர் சிரித்தார். “அப்ப எழுதிக் கேளுங்களன். எந்தக் கலியாணம் எந்த வருசம் எண்டெல்லாம் உங்கட டயறியில பாத்துச் சரிபாக்கிறீங்க, இதைச் சரிபாக்க மாட்டீங்களா?”

கேட்க வழியிருக்கிறது. வெளியிலிருந்து வந்த ஒரு வாக்கு கிடைத்ததா, ஏற்கப்பட்டதா என்று பெயரைக் குறித்து விசாரித்தால் அந்தத் தேர்தல் அலுவலகம் பதில் சொல்லும் என்று அவர்களுடைய இணையப் பக்கத்தில் இருக்கிறது. அந்த டிசெம்பரில் மின்னஞ்சல் ஒன்றை எழுதினேன். எலேனாவின் பெயர், ஊர், சாட்சியாக நான் இட்ட கையெழுத்து, திகதி எல்லாம் சேர்த்து. அனுப்பும் முன் ஒருமுறை வாசித்தேன். சின்ன ஊர். அலுவலகத்தில் இருப்பவர் யாருக்கு என்ன உறவு என்று எனக்குத் தெரியாது. இறந்துபோன ஒரு பெண்ணின் வாக்கைப் பற்றி டென்மார்க்கிலிருந்து ஒருவன் விசாரிக்கிறான் என்றால், ஏன் விசாரிக்கிறான் என்று அங்கே யாராவது யோசிப்பார்கள். தம்பி இப்போதும் குடும்பத் தலைவர். கல் அவருடைய பொறுப்பிலுள்ள நிலத்தில் இருக்கிறது. மின்னஞ்சலை அழித்துவிட்டேன்.

ஆகவே இதை இருக்கிற நிலையிலேயே பதிகிறேன். 2022 ஒக்டோபர் 18 அன்று மூடப்பட்ட அந்த உறை உரிய அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்டதா, அதிலிருந்த வாக்கு எண்ணப்பட்டதா என்பது சரிபார்க்கப்படவில்லை. என் பக்கத்திலிருந்து சரிபார்க்கப்படவும் மாட்டாது.